கவலைப்படாத இலாகா

தாமிரபரணியிலிருந்து பிரிந்து வருகிற கால்வாய் ஒன்று, இனி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வளைந்து நிற்கிற இடத்தில் தாழைக்கோணம் என்ற ஊர் இருக்கிறது. கால்வாய்க்கே அந்த நிலைமை என்றால், அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லத்தான் போகிறோம்.

அந்த ஊரில் தாமரை மகளிர் குழு என்று ஒன்று உண்டு. மொத்தம் ஐந்து பேர். பதினேழு வருஷமாக ஊரில் எந்த வீட்டு விசேஷம் என்றாலும் சமையல் இவர்கள் கைதான். ஒருத்தி காய் நறுக்குவாள், ஒருத்தி அரைப்பாள், ஒருத்தி அடுப்பைப் பார்ப்பாள், ஒருத்தி தண்ணீர் சுமப்பாள், ஒருத்தி ருசி பார்ப்பாள். யாருக்கு எந்த வேலை என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். ஒருத்தி வேலையில் இன்னொருத்தி கைவைக்க மாட்டாள். ஒரு வளைகாப்பு வீட்டில் சாம்பார் பொங்கி வழிந்தபோது நான்கு பேர் அண்டாவைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுப்புக்காரி வெற்றிலை போட்டுவிட்டு வரவேண்டியிருந்தது. அன்றைக்கு விருந்தாளிகள் எல்லோரும் ரசம் சாப்பிட்டார்கள்.

அப்படிப் பதினேழு வருஷம் முறை வைத்து ருசி பார்த்ததில் ஐந்து பேருக்கும் சர்க்கரை வந்தது.

ஐந்து பேரில் அதிகம் பயந்தவள் ஆவுடையம்மாள். ஊசி என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போட வந்தார்கள். பின்பக்கத்துச் சுவரேறிக் குதித்து வீட்டுக்கு ஓடியவள், அதற்குப் பிறகு உள்ளே போகவே இல்லை. அந்த ஊசிக்காரர்கள் தனக்காக இன்னும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள் என்று வெகுநாள் நம்பினாள். அவளுடைய படிப்பு அந்தச் சுவரோடு முடிந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது உங்க மூணு மாசச் சர்க்கரையோட சராசரிம்மா. ஒன்பது புள்ளி ஒண்ணு. அடுத்த தடவை எட்டுக்குக் கீழ கொண்டுவாங்க. இல்லேன்னா இன்சுலின்தான்."

"அது மாத்திரையா, டாக்டரய்யா?"

"ஊசி. தினமும்."

ஆவுடையம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சன்னலைப் பார்த்தாள். கம்பி போட்டிருந்தது.

கவலைப்படுவதில் ஆவுடையம்மாளுக்கு இணை அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. மழை பெய்தால் கூரை ஒழுகுமே என்று கவலை. பெய்யாவிட்டால் கிணறு வற்றுமே என்று கவலை. கோயம்புத்தூரில் இருக்கிற மகள் போன் பண்ணாவிட்டால் என்ன ஆச்சோ என்று கவலை. பண்ணினால் எதுக்கு இந்த நேரத்தில் பண்ணுகிறாளோ என்று கவலை. கவலைப்பட எதுவுமே இல்லாத நாளில், எதையோ மறந்துவிட்டோமே என்று கவலைப்படுவாள்.

இந்தச் சமயத்தில்தான் ஊருக்கு ஜெசிந்தா வந்தாள். சர்க்கரைக்காரர்களுக்கு வழிகாட்ட ஒரு தொண்டு நிறுவனம் அனுப்பிய பெண். கோச் என்று அவள் தன்னைச் சொல்லிக்கொண்டாள். கையில் சுருட்டிய படத்தாள் இருந்ததால் ஊர் அவளை டீச்சர் என்று வைத்துக்கொண்டது.

குழுவின் தலைவி உலகம்மாள் வீட்டுக் கூடத்தில் ஜெசிந்தா படத்தை மாட்டினாள். அதில் ஐந்து வட்டங்கள் இருந்தன.

"ஒண்ணு, நடை. தினம் அரை மணி நேரம். ரெண்டு, சாப்பாடு. தட்டுல பாதி காய்கறி இருக்கணும். மூணு, மாத்திரை. பத்திரமா வெச்சு, வாரா வாரம் எண்ணிப் பாருங்க. நாலு, தூக்கம். ஏழு மணி நேரம். அஞ்சு, மனசு. கவலைப்படவே கூடாது. கவலைப்பட்டாலும் சர்க்கரை ஏறும். இந்த அஞ்சும் உங்க குழுவுல ஒரு நாள்கூட விடாம நடக்கணும். திங்கக்கிழமை திங்கக்கிழமை நான் போன்ல கேட்டு டிக் போட்டுக்குவேன். மூணு மாசம் கழிச்சு ரத்தம் எடுத்துப் பார்ப்போம். உங்க குழு எவ்வளவு ஜெயிச்சிருக்குன்னு அப்ப தெரிஞ்சிடும்."

ஐந்து பேரும் தலையாட்டினார்கள். தாழைக்கோணத்தில் யாரும் எதற்கும் சந்தேகம் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள், அதையும் புரிந்துகொள்ள வேண்டிவரும்.

ஜெசிந்தா ஏறிய பேருந்து கண்ணுக்கு மறைந்ததும் கூட்டம் கூடியது.

"அஞ்சு வேல. அஞ்சு ஆளு," என்றாள் உலகம்மாள். "நம்ம குழுவப் பத்தி டீச்சருக்கு யாரோ முன்னாடியே சொல்லியிருக்காங்க. எவ்வளவு கணக்காப் பிரிச்சுக் கொடுத்திருக்கா, பாத்தியளா?"

செல்லக்கனி என்பவள் மட்டும் கொஞ்சம் யோசித்தாள். ஐந்து பேரில் எட்டாம் வகுப்புவரை போனவள் அவள்தான். "எக்கா, ஒவ்வொருத்தியும் அஞ்சையும் செய்யணும்னு சொன்னாங்களோ?"



"ஏட்டி," என்றாள் உலகம்மாள் பொறுமையாக, "கல்யாண வீட்டுல அஞ்சு பேரும் காய் நறுக்கி, அப்புறம் அஞ்சு பேரும் அரைச்சு, அப்புறம் அஞ்சு பேரும் அடுப்புக்குப் போனா பந்தி எப்பப் போட? அது சமையலா, சப்பரம் இழுக்கிறதா?"

ஆவுடையம்மாளுக்கு வேறு சந்தேகம் இருந்தது. "மதினி, யாரோ நடந்தா எனக்குச் சக்கர எறங்குமா?"

"அன்னிக்குச் சிவனணைஞ்சான் வீட்டு விசேஷத்துல நீ தண்ணி சொமந்த. நான் சொமந்தேனா?"

"இல்ல."

"என் பங்குச் சோறு வேகலியா?"

"வெந்துச்சு."

"பெறகு என்ன?"

இதற்கு மேல் பேச ஒன்றும் இல்லாததால் பழைய பவுடர் டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். நடை முப்பிடாதிக்கு விழுந்தது. சாப்பாடு செல்லக்கனிக்கு. தூக்கம் பூரணத்துக்கு. மாத்திரை உலகம்மாளுக்கு. ஆவுடையம்மாள் தன் சீட்டைப் பிரித்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாசிக்க வாசிக்க முகம் வெளிறியது. 'கவலைப்படக் கூடாது' என்று எழுதியிருந்தது.

"மதினி, இத மட்டும் மாத்திக் குடுங்க. நான் வேணும்னா அஞ்சு பேருக்கும் சேத்து நடக்கேன். முட்டி தேஞ்சாலும் பரவால்ல."

"குலுக்குன சீட்ட மாத்துற வழக்கமே நம்மகிட்ட கெடையாது," என்றாள் உலகம்மாள். "இந்தா பாரு ஆவுடை. இதுவரைக்கும் நீ கவலப்பட்டா அது ஒன் சொந்த விஷயம். இனிமே நீ கவலப்பட்டா அஞ்சு பேருக்கும் ஏறும். எங்க நாலு பேரு உசுரும் ஒன் கையில இருக்கு. நிம்மதியா இரு."

ஆவுடையம்மாள் அன்றிலிருந்து நிம்மதியாக இருக்கத் தொடங்கினாள்.

முதலில் முப்பிடாதி கதையைச் சொல்லிவிடலாம். ஆளுக்கு அரை மணி என்றால் ஐந்து பேருக்கு இரண்டரை மணி நேரம். நல்ல உரமான உடம்பு. காலையில் புறப்பட்டு, ஒன்றேகால் மணி நேரம் போய், ஒன்றேகால் மணி நேரம் திரும்பி வந்தாள். இரண்டாம் நாள் கூட்டத்தில் பூரணம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"போன நடை, திரும்பி வந்தா கழிஞ்சிராதா?"

எல்லோரும் திகைத்துவிட்டார்கள். இதைச் சும்மா வாயால் பேசி முடிக்க முடியாது என்று உலகம்மாள் ஒரு கை புளியங்கொட்டை எடுத்துவந்தாள். முப்பிடாதி வாசலிலிருந்து பத்து அடி நடந்தாள். அடிக்கு ஒரு கொட்டை தரையில் வைத்தார்கள். பிறகு அவள் திரும்பி நடந்தாள். அடிக்கு ஒரு கொட்டையை எடுத்தார்கள். முடிவில் ஐந்து பேரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். ஒரு கொட்டைகூட இல்லை.

"நேத்து நடந்தது பூரா வீண்," என்றாள் முப்பிடாதி. அவள் கண் கலங்கிவிட்டது.

மறுநாளிலிருந்து அவள் இரண்டரை மணி நேரம் ஒரே திசையில் நடந்தாள். நடையில் ஒரு அடிகூடக் கழியக் கூடாது என்று பேருந்தில் திரும்பினாள். நடை முடிகிற இடத்தில் ஆலங்கிணறு விலக்கு. பேருந்து வர முக்கால் மணி நேரம் ஆகும். நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கடை. அந்தக் கடையில் அந்த நேரத்துக்குச் சரியாக உளுந்தவடை போடுவார்கள். மூன்று வடையும் சீனி தூக்கலாக ஒரு டீயும் சாப்பிடுவாள். ஒரு நாள் பேருந்து நடத்துநர், "என்னம்மா, சுகருக்குத்தானே நடக்கிய? வடைய இந்த வெளு வெளுக்கியளே!" என்று கேட்டார்.

"அண்ணாச்சி, சாப்பாடு என் இலாகா இல்ல," என்றாள் முப்பிடாதி.

சாப்பாட்டு இலாகாவான செல்லக்கனி பாடு பெரும்பாடு. தட்டில் பாதி காய்கறி என்றால், ஐந்து பேருக்கு இரண்டரைத் தட்டுக் காய்கறி. நாலு வீட்டிலிருந்தும் தூக்குவாளியில் புடலங்காயும் கோவைக்காயும் பாகற்காயும் வந்து இறங்கும். அவ்வளவையும் அவளே தின்னவேண்டும். சோறு வைக்க வயிற்றில் இடமில்லை. அவள் பங்குச் சோறு வீணாகக் கூடாதே என்று மற்ற நாலு பேரும் பிரித்துச் சாப்பிட்டார்கள். மூன்றாம் வாரம் செல்லக்கனி சொன்னாள்: "அஞ்சு பேரு பாகற்காயத் தின்னு தின்னு, இப்ப எங்க வீட்டுக்காரரு திட்டுறதே இனிப்பாத் தெரியுது."

பூரணத்துக்கு வேறு விதமான சிக்கல். ஏழு மணி நேரத்தை ஐந்தால் பெருக்கினால் முப்பத்தைந்து. ஒரு நாளில் இருபத்துநாலு மணி நேரம்தான் இருக்கிறது என்பது தாழைக்கோணத்துக்கு அப்போதுதான் உறைத்தது. "முடிஞ்ச மட்டும் தூங்கு. மிச்சத்த டீச்சர்கிட்ட கேட்டுக்கலாம்," என்று கூட்டம் முடிவுசெய்தது. பூரணம் காலைச் சாப்பாட்டை முடித்ததும் படுப்பாள். யாராவது வந்து, "எங்க ஒங்க மருமவ?" என்று கேட்டால் அவள் மாமியார், "சத்தம் போடாதீங்க, வேலையா இருக்கா," என்பாள்.

இருப்பதிலேயே பொறுப்பாக நடந்தது உலகம்மாள்தான். ஐந்து பேருடைய மாத்திரைகளையும் மாதாமாதம் வாங்கிவந்து பீரோவில் அடுக்கினாள். பூச்சி அரிக்காமல் நடுநடுவே வேப்பிலை போட்டாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பாயை விரித்து எண்ணினாள். ஒருநாள் ஆவுடையம்மாள் வந்து, "மதினி, தல கிறுகிறுங்கு. என் மாத்திரையில ஒண்ணு தாங்களேன்," என்றாள்.

"எதுக்கு?"

"முழுங்கத்தான்."

"முழுங்குனா ஞாயித்துக்கெழம எண்ணிக்கை ஒதைக்குமே. டீச்சருக்கு யாரு பதில் சொல்ல? ஒன் வேல கவலப்படாம இருக்கிறது. நீ அதப் பாரு."

ஆவுடையம்மாள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது விடிந்தால் அதே வேலை. வாசலில் நாற்காலி போட்டு, கையைக் கட்டி, கவலைப்படாமல் உட்காருவாள். பத்து நிமிஷத்தில் தலைக்கு மேல் தென்னைமரம் தெரியும். தேங்காய் விழுமோ? நாற்காலியைத் தள்ளிப் போடுவாள். தெரு நாய் வரும். கடிக்குமோ? உள்ளே போவாள். உள்ளே போனால், வெளியே நாற்காலியை யாராவது தூக்கிக்கொண்டு போவார்களோ? 'ஐயோ, கவலைப்படுகிறோமே, பூரணத்துக்கு ஏறுமே' என்று திடுக்கிடுவாள். பூரணம் பாவம், தூங்கிக்கொண்டிருக்கிறாள், ஏறுவதுகூட அவளுக்குத் தெரியாதே என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்படுவாள்.

குழு அவளுக்கு உதவ முடிவுசெய்தது. ஊரில் என்ன நடந்தாலும் ஆவுடைக்குச் சொல்லக் கூடாது. ஒருநாள் மூன்று பேர் மூச்சிரைக்க ஓடிவந்து அவள் வீட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

"என்னட்டி ஆச்சு?"

"ஒண்ணுமே ஆகல மதினி," என்றாள் முப்பிடாதி. "நீங்க மேற்குப் பக்கம் மட்டும் பாக்காதீங்க."

"மேக்க என்ன?"

"ஒண்ணும் இல்லன்னு சொல்லுதோம்லா? அண்ணாச்சிக்குக்கூட ஒண்ணும் ஆகல. கால்வாயில தண்ணியும் கொஞ்சந்தான்."

ஆவுடையம்மாளின் புருஷன் சுடலைமுத்து சைக்கிளோடு கால்வாயில் விழுந்து, அதற்குள் எழுந்து, கரையில் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். அவர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஆவுடையம்மாள் அவருக்குப் பதினாறாம் நாள் காரியம்வரை மனசில் முடித்திருந்தாள்.

அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கவலை என்றால் யாராவது பட்டுத்தான் ஆகவேண்டும். தான் படக் கூடாது, அவ்வளவுதானே?

"என்னங்க, இனிமே இந்த வீட்டுக் கவலைய நீங்க படுங்க. எனக்கு நேரமில்ல."

சுடலைமுத்து ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே, "சரி. எதப் பத்திப் படணும்?" என்று கேட்டார்.

"மகள் நாலு நாளா போன் பண்ணல. மொதல்ல அது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கவலைப்பட்டார். ஆவுடையம்மாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். வந்து நேருக்கு நேர் நின்று பார்த்தாள்.

"கவலப்படுற மூஞ்சியா இது? வாயத் தொறந்துகிட்டு இருக்கிய."

"பட்டுகிட்டுதான்டி இருக்கேன்."

"எங்க, என்ன நெனச்சியன்னு சொல்லுங்க."

"வேலையா இருப்பா, சாயங்காலம் பண்ணுவான்னு நெனச்சேன்."

"இதுவா கவல?" ஆவுடையம்மாள் நெஞ்சில் கைவைத்தாள். "பஸ்ஸு கவுந்திருக்கும், கையி ஒடிஞ்சிருக்கும், போனு எடுக்க முடியாமக் கெடப்பான்னு நெனைக்கணும். தகப்பன்னு பேரு, மகளப் பத்தி ஒழுங்கா ஒரு கவலப்படத் தெரியல!"

அதன் பிறகு அவளுக்கு இரண்டு வேலை. தான் கவலைப்படாமல் இருக்க வேண்டும். அவர் சரியாகக் கவலைப்படுகிறாரா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சுடலைமுத்து கவலைப்படுகிற சாக்கில் பத்து நிமிஷத்தில் குறட்டை விட்டார். ஆவுடையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டுக் கவலை எல்லாம் ஆளில்லாமல் கிடக்கிறதே என்று கண்ணீர் விட்டாள்.

திங்கட்கிழமைகளில் ஜெசிந்தாவின் போன் வரும். உலகம்மாள் போனை முக்காலியில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டுவாள்.

"நடை நடக்குதாம்மா?"

"நடக்குது டீச்சர். ஒரு நாள் விடல. தெனம் ரெண்டரை மணி நேரம்."

"ரெண்டரையா! அடேங்கப்பா! காய்கறி?"

"ரெண்டரைத் தட்டு."

"ஐயோ, சூப்பர்மா! மாத்திரை?"

"வாரா வாரம் எண்ணுதோம். ஒண்ணு கொறையல."

"தூக்கம்?"

"அதுலதான் டீச்சர் கொஞ்சம் இழுக்குது. பகல்லயும் போட்டுப் பாக்குதோம், பத்த மாட்டேங்குது."

"பரவால்லம்மா, முயற்சி பண்றீங்கல்ல, அது போதும். மனசு எப்படி இருக்கு? கவலை ஏதாவது?"

நாலு பேரும் திரும்பி ஆவுடையம்மாளைப் பார்ப்பார்கள்.

"கவலையே இல்ல டீச்சர்," என்பாள் ஆவுடையம்மாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும்.

ஐந்து கட்டம், ஐந்து டிக். இருபத்திரண்டு ஊர்க் குழுக்களில் தாழைக்கோணத்துக்கு மட்டும்தான் வாரா வாரம் எல்லாக் கட்டமும் நிரம்பியது. ஜெசிந்தா அந்தத் தாளை அவளுடைய மேலதிகாரியிடம் காட்டினாள். அவர் தன்னுடைய மேலதிகாரியிடம் காட்டினார். ஒரு ஊரின் வெற்றியை இவ்வளவு சுத்தமாக யாரும் அளந்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

மூன்று மாதம் ஆயிற்று. ரத்தம் எடுக்க ஆள் வந்தது. ஆவுடையம்மாளை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஒருத்தி கண்ணைப் பொத்த, ஒருத்தி சாமி பெயரைச் சொல்ல, ஒரு வழியாக எடுத்தார்கள். நாலாம் நாள் ஜெசிந்தா ரிப்போர்ட்டுகளோடு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"செல்லக்கனி அக்காவுக்கு நல்லா இறங்கியிருக்கு. ஏழு புள்ளி ரெண்டு. ஆனா மத்தவங்க..." தாளைத் திருப்பிப் பார்த்தாள். "முப்பிடாதி அக்கா, நீங்க தினம் ரெண்டரை மணி நேரம் நடந்தீங்கல்ல? காய்கறி சாப்பிட்டீங்கல்ல?"

"நடந்தேன் டீச்சர். காய்கறி இவ சாப்பிட்டா."

ஜெசிந்தா உலகம்மாள் பக்கம் திரும்பினாள். "உலகம்மாள் அக்கா, நீங்க நடந்தீங்களா?"

"நான் எதுக்கு நடக்க? முப்பிடாதி நடந்தா. நான் மாத்திரை."

"மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"சாப்பிடுறதா!" உலகம்மாள் பெருமையோடு பீரோவைத் திறந்தாள். வேப்பிலை வாசம் வந்தது. ஐந்து பேருடைய மூன்று மாத மாத்திரையும் வரிசையாக, பட்டைப் பட்டையாக, பிரிக்காமல் இருந்தன. "எண்ணிப் பாத்துக்கோங்க டீச்சர். வாங்குனது வாங்குனபடி இருக்கு."

ஜெசிந்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த ரிப்போர்ட்டுகளையும் தன் தாளில் இருந்த டிக்குகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான்தானே போட்டேன்," என்றாள். "ஒவ்வொரு வாரமும் நான்தானே சந்தோஷமாப் போட்டேன். சாப்பிட்டது யாருன்னு ஒரு வார்த்தை கேக்கலையே. நடந்தது யாருன்னு கேக்கலையே." பிறகு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தாள். தாழைக்கோணத்துத் தண்ணீரை அவளும் முதல் நாளே ஒரு சொம்பு குடித்திருந்தாள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

"டீச்சர்," என்றாள் ஆவுடையம்மாள் மெல்ல, "எனக்கு எவ்வளவு?"

"ஒன்பது புள்ளி எட்டு."



அதற்குப் பிறகு ஜெசிந்தா ஒரு மணி நேரம் விளக்கினாள். ஒருத்தி நடந்தால் இன்னொருத்தி உடம்புக்குச் சேராது. ஒருத்தி தின்ற பாகற்காய் இன்னொருத்தி ரத்தத்துக்குப் போகாது. மாத்திரையை அவரவர்தான் விழுங்க வேண்டும். தூக்கமும் அவரவர் கண்ணில்தான். ஆவுடை அக்கா ஒருத்தியே கவலையைச் சுமக்க வேண்டாம், கவலை வந்தால் பக்கத்தில் இருப்பவளிடம் சொன்னால் போதும். திரும்பி வருகிற நடையும் நடைதான். இதை மட்டும் அவள் மூன்று முறை சொல்லவேண்டியிருந்தது. புளியங்கொட்டையை எடுத்துவந்து காட்டினார்கள். அவள் அதைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்தாள்.

டாக்டர் ஆவுடையம்மாளுக்கு ஊசியை எழுதிக் கொடுத்துவிட்டார். முதல் ஒரு வாரம் காலையில் சுகாதார நிலையத்துக்கு வந்து நர்சம்மாவிடம் போட்டுக்கொண்டு பழக வேண்டும், அப்புறம் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றார்.

அன்று சாயங்காலம் கூட்டம் கூடியது. ஆவுடையம்மாள் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நம்மளாலதான் ஆவுடைக்கு இந்த நெலம," என்றாள் உலகம்மாள். "டீச்சர் சொன்னதெல்லாம் நியாயம். நடை, சாப்பாடு, மாத்திரை, தூக்கம், கவல. அஞ்சும் அவுங்கவுங்கதான் செய்யணும். இனிமே அதுல பங்கு கெடையாது."

"கெடையாது," என்றார்கள் எல்லோரும்.

"ஆனா ஊசி வலியப் பத்தி டீச்சர் ஒண்ணும் சொல்லலியே."

எல்லோரும் யோசித்துப் பார்த்தார்கள். உண்மைதான். ஜெசிந்தா அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

"ஊசிய ஆவுடைதான் போட்டுக்கிடணும். மருந்து அவளுக்கு," என்றாள் பூரணம். "வலிய நாம நாலு பேரும் முறை வச்சுப் பட்டுக்கலாம்ல?"

ஆவுடையம்மாள் முகம் மூன்று மாதத்தில் முதல்முறையாக மலர்ந்தது. "நெசமாவா சொல்லுதிய? எனக்காகப் படுவியளா?"

"ஒங்களுக்குப் படாம யாருக்கு மதினி பட?" என்றாள் முப்பிடாதி. "நாளைக்கு என் முறை. நல்ல உடம்பு, தாங்கும்."

மறுநாள் காலை ஐந்து பேரும் போனார்கள். ஆவுடையம்மாள் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்தாள். முப்பிடாதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பல்லைக் கடித்து, சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். உலகம்மாள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நர்சம்மா ஊசியை எடுத்ததும் உலகம்மாள் முப்பிடாதிக்குக் கையைக் காட்டினாள்.

"எம்மாடியோவ்!" என்று வெளியே ஒரு அலறல். சுகாதார நிலையம் முழுவதும் எழுந்து நின்றது. மருந்து கொடுக்கிறவர் கையிலிருந்த பாட்டில் கீழே விழுந்தது. நர்சம்மா ஓடிவந்து பார்த்தாள். முப்பிடாதி பெஞ்சில் சாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டு நெளிந்தாள். செல்லக்கனி விசிறினாள். பூரணம் தண்ணீர் கொடுத்தாள்.

"என்னம்மா ஆச்சு இவங்களுக்கு?"

"ஊசி போட்டீங்கள்ல, அதான்," என்றாள் உலகம்மாள்.

உள்ளேயிருந்து ஆவுடையம்மாள் ஜாக்கெட்டைச் சரிசெய்துகொண்டே சிரித்த முகமாக வந்தாள். "மதினி, எனக்கு எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல! முப்பது வருசமா இதுக்கா பயந்தேன்? பாவம்ட்டி முப்பிடாதி, ரொம்ப வலிச்சுதா?"

"சுள்ளுன்னு இருந்துச்சு மதினி. நீங்க தாங்கியிருக்க மாட்டிய."

முப்பிடாதியைக் கைத்தாங்கலாகப் பேருந்தில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். ஆவுடையம்மாள் அவளுக்கு ரசம் வைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் செல்லக்கனியின் முறை. அவள் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். ஆனால் பக்கத்தில் அவள் பிறந்த ஊர்க்காரி ஒருத்தி வந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சண்டை என்று பேச்சு மும்முரமாகப் போய்க்கொண்டிருந்தது. கதவோரம் உலகம்மாள் கையைக் காட்டியதை அவள் பார்க்கவில்லை.

உள்ளே நர்சம்மா பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு, "முடிஞ்சுதும்மா, கிளம்புங்க," என்றாள்.

ஆவுடையம்மாள் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"என்னம்மா, கிளம்புங்க. ஆளுங்க நிக்குறாங்க."

"மொதல்ல ஊசியப் போடுங்க நர்சம்மா."

"போட்டாச்சும்மா."

"எங்க போட்டிய?" என்றாள் ஆவுடையம்மாள். "வெளிய யாரும் கத்தலையே!"